முதல் பனி, முகத்தில் கரி

மக்ரோயான், காபூல்
திங்கள் மாலை

நீலோஃபரின் அப்பாவுக்கு,

ஸலாம். நானும் குழந்தையும் நலம். லஷ்கர்காவில் உங்கள் உடம்பும், கால்வாய் வேலையும், அந்தச் சமையல்காரரின் உப்புக் கையும் ஒரு நிலைக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். வயிற்றில் இருப்பது நன்றாக உதைக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேறு விஷயம் இருக்கிறது. அதை எங்கிருந்து தொடங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இன்று இங்கே முதல் பனி விழுந்தது. கண் விழித்தபோது அறை முழுவதும் வெளுத்துக் கிடந்தது. வழக்கம்போல வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, "எந்திரிங்க, கூரைக்குப் போங்க, பனி கொட்டிக் கிடக்கு!" என்று கத்திவிட்டேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று கேட்காதீர்கள். உங்கள் பக்கத்துப் படுக்கை காலி. நீலோஃபர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எந்தக் கூரைம்மா?" என்று கேட்டாள். நம் தலைக்கு மேல் ஒரு குடும்பம், அதற்கு மேல் இன்னொரு குடும்பம். நம் கூரை எது என்று எனக்கே தெரியவில்லை.

மனம் கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கடைசி மாடிக்கு ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் டீ கிளாசோடு வந்து நின்றார். மேலே இருக்கும் பனியை யார் தள்ளுவது என்று கேட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "யாரும் தள்ள வேணாம் தங்கச்சி. அது பாட்டுக்கு வந்துச்சு, அது பாட்டுக்குப் போகும்" என்றார். இறங்கி வந்து படுத்துக்கொண்டேன். ஆனால் பனியைத் தலைமேல் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? நம் பழைய வீட்டில் ஒரு மணி நேரம் சும்மா விட்டால் மண்கூரை ஊறி, சட்டியும் கிண்ணமும் எடுத்து ஒழுகும் இடத்தில் வைக்க வேண்டும். இங்கே ஒன்றும் ஒழுகவில்லை. ஒழுகாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜன்னலுக்குக் கீழே இருக்கும் இரும்புக் குழாய் அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது. தாங்க முடியாமல் ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வருகிறது. மூடினால் வியர்க்கிறது. இது குளிர்காலமா, கோடையா? நீலோஃபர் சந்தலி வேண்டும் என்று அடம்பிடித்தாள். மேசைக்குக் கீழே கனல் சட்டி வைத்து மேலே போர்வை போர்த்தினால்தானே சந்தலி, கனலுக்கு இங்கே எங்கே போவேன்? அவளே சாப்பாட்டு மேசை மேல் போர்வையைப் போர்த்தி, உள்ளே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு, "யாரோட காலும் இடிக்கலையே" என்று அழுதாள். அங்கே ஒரே போர்வைக்குள் வீடே காலை நீட்டிக்கொண்டு உட்காரும். யார் யாரோடு கோபமாக இருந்தாலும் பாதம் பாதத்தோடு இடித்துத்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டிலேயே அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுப் பிரிந்தீர்களே, அது சாமானியமான திறமை இல்லை.

கோபப்படாதீர்கள். போன குளிர்காலத்தில் நீங்கள் சொன்னது ஒரு வார்த்தைதான். "பனி தள்ளாத வீட்டுல ஒரு வருஷமாவது இருக்கணும்" என்றீர்கள். களைப்பில் சொன்னது. உங்கள் அண்ணன் லாலா அதைத் தன் மேல் சொன்னதாக எடுத்துக்கொண்டார். அப்பா கட்டிய கூரை தம்பிக்குப் பாரமாகிவிட்டது என்றார். பிறகு இந்த வீடு கிடைத்தது. நாம் சாமானை ஏற்றிக் கிளம்பியபோது நல்லபடி திரும்பி வரட்டும் என்று நம் பின்னால் தண்ணீர் தெளிக்கக்கூட யாரும் வெளியே வரவில்லை. அவர் உங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். நீங்கள் அந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று செய்தீர்கள். எனக்கும் உத்தரவு போட்டீர்கள்: வாசலை மிதிக்கக் கூடாது, அந்த வீட்டாரோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது.

நான் வாசற்படியை மிதிக்கவில்லை. தெருவில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உண்மையைச் சொல்லவா? எனக்குப் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, எதிர்வீட்டு டீச்சர் ரஹீலா கூட வருவாள் என்றீர்கள். ரஹீலா நல்லவள்தான். ஆனால் நீலோஃபர் பிறந்தபோது என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது உங்கள் அண்ணி ஹலீமா. அதற்கு அடுத்தது பிறந்து கண்ணே திறக்காமல் போனபோது, அதைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றியதும் அவர் கைதான். அந்தக் கை பக்கத்தில் இல்லாமல் இந்தப் பிள்ளையைப் பெற என்னால் முடியாது. இதை உங்களிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. அவரிடம் சொல்லவும் நீங்கள் வாயைக் கட்டிவிட்டீர்கள். பேசத்தானே கூடாது, எழுதலாமே என்று யோசித்தேன். "அக்கா, பிள்ளை பிறக்கிற ஜதீ மாதத்தில் என்னோடு வந்து இருங்கள்" என்று ஒரு கடிதம் எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, லாலா படித்துக் காட்டட்டும், அவர் காதிலும் விழட்டும் என்று கணக்குப் போட்டேன். நீலோஃபரை ரஹீலாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது. எந்தக் காபூல்காரியாவது முதல் பனி விழுந்த அன்றைக்குக் கையில் மடித்த காகிதத்தோடு போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவாளா? பனிச்சீட்டு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. போன வருஷம்தான் லாலா தையற்காரர் அனீஸ் கையில் சீட்டைக் கொடுத்துவிட்டு இந்த வயதில் ஓட்டமாக ஓடிவந்தார். அனீஸ் பிரித்து, "பனி எங்களுடையது, விருந்து உங்களுடையது" என்று படித்ததும் தையல் ஊசியை வீசியெறிந்தார். சீட்டை வாங்கியவர்தானே விருந்து வைக்க வேண்டும், தெருவே அவர் வீட்டில் மந்துக் கொழுக்கட்டை சாப்பிட்டது. அதற்கு முந்திய வருஷம் நீங்கள் கொண்டுபோய் அவரிடம் சிக்கி, முகமெல்லாம் கரியோடு வந்து நின்றீர்கள். கொண்டுபோனவர் பிடிபட்டால் அனுப்பியவர் தலையில் விருந்து விழும் என்று நம் வீட்டில்தான் பானை ஏறியது. இத்தனையும் தெரிந்த நான்தான் இப்படிப் போய் நின்றேன். இந்த வீட்டில் யாரும் பனியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதனால் எனக்கு இது கணக்கில் வராத பனியாகத் தெரிந்ததோ என்னவோ.

கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து, "யாரு?" என்று அக்காவின் குரல். நான்தான் பேசக் கூடாதே. மௌனமாக நின்றேன். மறுபடி, "யாருன்னு கேக்குறேன்ல?" என்றார். மறுபடி மௌனம். பனிச்சீட்டு கொண்டுவருபவர்கள் இப்படித்தானே திருடனைப் போல நிற்பார்கள்? கதவு திறந்ததும் காகிதத்தை நீட்டினேன். அவர் காகிதத்தைத் தொடவே இல்லை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "ஆளு மாட்டிக்கிச்சு! அடியே ஸீமா, அந்தச் சட்டியை எடுத்துட்டு வாடி!" என்று கத்தினார். அவர் மகள் அடிப்பிடித்த சட்டியோடு ஓடிவந்தாள். கன்னம் இரண்டிலும், நெற்றியிலும், மூக்கிலும் நன்றாக அழுத்தித் தேய்த்தார்கள். ஸீமா சிரித்தாள். அக்கா சிரித்த மாதிரிதான் இருந்தது. காகிதம் சேற்றுப் பனியில் விழுந்து நனைந்தது.

கூரை மேல் லாலா தனியாகப் பனி தள்ளிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குத் துணி சுற்றியிருந்தார். சத்தம் கேட்டு நிறுத்திவிட்டு, "யாரு அது?" என்றார். "சின்னவர் சம்சாரம்! கையும் சீட்டுமா மாட்டிக்கிட்டா!" என்று அக்கா மேலே பார்த்துச் சொன்னார். லாலா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மறுபடி பனியைத் தள்ளத் தொடங்கிவிட்டார். அதைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பும் நின்றுவிட்டது. என் கையை விட்டார். கதவு மூடிக்கொண்டது. உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அது விளையாட்டா, அவமானமா? பனிச்சீட்டுக்குக் கரி பூசினால் நாம் இன்னும் அவர்கள் விளையாடும் ஆட்கள் என்று அர்த்தம். பிரிந்து போனவளின் முகத்தில் கரி பூசினால் அதற்கு வேறு அர்த்தம். இரண்டுக்கும் ஒரே கரி, ஒரே சட்டி. எப்படிக் கண்டுபிடிப்பது?

பஸ்ஸில் எல்லாருக்கும் கொண்டாட்டம். கண்டக்டர், "எந்த வீட்டுல மாட்டிக்கிட்டீங்கக்கா? வயித்துல பிள்ளையோட ஓட முடியலையா?" என்று கேட்டார். ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்து, "தோத்தவங்க உக்காருங்க" என்றார். ஊருக்கெல்லாம் அது விளையாட்டு என்று தெரிகிறது. நான் மட்டும் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் பட்டுக் கரி கழுத்துவரைக்கும் இறங்கிவிட்டது.

ரஹீலாவிடம் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "விளையாட்டுன்னா உள்ள கூப்பிட்டு ஒரு டீயாவது குடுத்திருப்பாங்களே" என்றாள். நான் கேட்டிருக்கவே கூடாது. நீலோஃபர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைதட்டி, "பெரியம்மா பூசினாங்களா? எனக்கு ஏன் பூசல?" என்று சண்டைக்கு வந்தாள்.

முதல் பனிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை விருந்து என்பது நம் வீட்டு வழக்கம். விளையாட்டு என்றால் அவர்கள் அன்றைக்கு வருவார்கள். வராவிட்டால் அது கரிதான். சமைக்கட்டுமா, வேண்டாமா? சமைத்து அவர்கள் வராமல் போனால் நான் அந்தச் சோற்றை எந்த முகத்தோடு அள்ளுவேன்? சமைக்காமல் அவர்கள் வந்து நின்றால்? உங்களைக் கேட்கலாம் என்றால் இந்தக் கடிதம் உங்களிடம் வந்து, உங்கள் கோபம் தணிந்து, பதில் வருவதற்குள் இரண்டு பனி உருகிவிடும்.

வெள்ளி மாலை

மேலே எழுதியதை இன்னும் தபாலில் போடவில்லை. ஒவ்வொரு நாளும் எடுத்துப் படிப்பேன், நீங்கள் படிப்பதை நினைத்துப் பார்ப்பேன், மறுபடி மடித்து வைத்துவிடுவேன். இப்போது இதையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

சமைத்தேன். ஆனது ஆகட்டும் என்று காபூலி பலாவ் சோறும், லாலாவுக்காக டர்னிப் குழம்பும் செய்தேன். ரஹீலா மந்துவுக்கு மாவு பிசைந்து கொடுத்தாள். மதியத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து திரும்புவது ஜன்னலில் தெரிந்தது. அதில் அவர்கள் இல்லை. பலாவ் பானையை மூடி வைத்தேன். மறுபடி திறந்து பார்த்தேன், சோறு ஓடிப்போய்விடுமா என்ன. ரஹீலா, "ஆறிப்போறதுக்குள்ள குழந்தைக்காவது போடு" என்றாள். தட்டை எடுத்தேன். சரி, அது கரிதான் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். இனி அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றுகூட நினைத்தேன்.

அப்போது படிக்கட்டில் லாலாவின் இருமல் கேட்டது.

மாடிப்படி ஏறி அவருக்கு மூச்சு வாங்கியது. தொப்பியில் பனி. பின்னால் அக்கா பெரிய துணி மூட்டையோடு, அதற்குப் பின்னால் ஸீமா. கதவைத் திறந்துவிட்டு நான் பேசாமல் நின்றேன். உங்கள் உத்தரவு. லாலா உள்ளே வரவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "இது யார் வீடு, ஷஃபிகா ஜான்?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சொன்னார்: "தம்பி வீடுன்னா நான் உள்ள வர முடியாது. சத்தியம் பண்ணியிருக்கேன். தோத்தவங்க வீடுன்னா வந்து சாப்பிட்டுட்டுப் போறேன். எனக்குச் சேர வேண்டியதை நான் ஏன் விடணும்?"

மன்னித்துவிடுங்கள். நான் பேசிவிட்டேன். "தோத்தவங்க வீடுதான் லாலா, உள்ள வாங்க" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

உங்கள் அண்ணன் மூன்று முறை பலாவ் வாங்கிச் சாப்பிட்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். சத்தியம் என்னவாயிற்று என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போதெல்லாம் கண் மேலேயே இருந்தது. "மேல யாரு இருக்காங்க? பனியை யாரு தள்ளுறாங்க?" என்றார். யாரும் தள்ளுவதில்லை என்றேன். "பனியைத் தலைமேல வச்சுக்கிட்டு எப்படித் தூங்குறீங்க?" என்று என்னையே கேட்டார். நான் சிரித்தேன். இந்த ஊரில் அந்தக் கேள்வி கேட்கிற பைத்தியம் நான் ஒருத்திதான் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

பாத்திரம் கழுவும்போது அக்காவிடம் கேட்டேவிட்டேன். அன்றைக்குப் பூசியது விளையாட்டா, கோபமா? அவர் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "கோவத்துலதான் கரியை எடுத்தேன். ஒரு சொல்லு சொல்லாம போனவ, இன்னிக்கு விளையாட வந்துட்டாளான்னு இருந்துச்சு. உன் கன்னத்துல கை வச்சதும் கோவம் எங்க போச்சுன்னு தெரியல. அதுக்குள்ள அவர் மேல நின்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. எனக்கும் என்ன பண்றதுன்னு புரியல. கதவைச் சாத்திட்டு உள்ள நின்னு நானும் அழுதேன்டி." அவருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததே எனக்குப் போதும் என்று இருந்தது.

கடிதத்தைக் கேட்டேன். சந்தலி மேல் காயவைத்துப் பார்த்தார்களாம். மை ஊறி எல்லாம் நீலமாகிவிட்டதாம், லாலாவால் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லையாம். அப்படியானால் மூட்டையில் படுக்கையும், பிள்ளைக்குச் சுற்றும் பழந்துணியும், நெய் டப்பாவும் எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்றேன். "உன் வயித்தைப் பார்த்தேன்ல? நல்லா எறங்கியிருக்கு. இதையும் எழுதிக் காட்டணுமா?" என்றார். இப்போது நான் எழுதும்போது அவர் என் படுக்கையில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். குழாய்ச் சூடு தாங்காமல் இந்த வீட்டையும் கட்டியவனையும் சேர்த்துத் திட்டுகிறார். நீலோஃபர் அவர் காலோடு தன் காலை வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

நான் செய்தது சரியா, தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் பேச்சை மீறியிருக்கிறேன். மீறாமலும் இருந்திருக்கிறேன். எது எவ்வளவு என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள். அக்காவை மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள்.

போகும்போது லாலா செருப்பைத் தேடுவது போல வெகுநேரம் வாசலில் குனிந்து நின்றார். பிறகு தரையைப் பார்த்தபடியே, "அங்க அவனுக்குப் பனி விழுமா?" என்று கேட்டார். லஷ்கர்காவில் பனி விழாது என்றேன். "அப்போ யாரும் அவனுக்குச் சீட்டு குடுக்க முடியாது. தப்பிச்சுட்டான் பய" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இறங்கும்போது படிக்கட்டில் பாதியில் நின்று ஒரு முறை மேலே பார்த்தார். நீங்கள் உள்ளே எங்காவது இருப்பீர்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

அவர் சொன்னது தப்பு. உங்களுக்கு இந்த வருஷத்தின் முதல் பனி இந்தக் கடிதம்தான். கையில் வாங்கிவிட்டீர்கள், பிரித்துவிட்டீர்கள், இவ்வளவு தூரம் படித்தும்விட்டீர்கள். கொண்டுவந்த தபால்காரர் இந்நேரம் அடுத்த தெருவில் இருப்பார், இனிப் பிடிக்க முடியாது. பனி எங்களுடையது. விருந்து உங்களுடையது. தோற்றுப்போனீர்கள்.

எனக்குப் பலாவ் வேண்டாம். ஜதீ மாதம் பிறப்பதற்குள் விடுப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இங்கே வராதீர்கள், நேராக நம் பழைய வீட்டுக்கு, ஆஷிகான் ஆரிஃபான் தெருவுக்குப் போங்கள். அந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தீர்கள்? மிதிக்க வேண்டாம். தையற்காரர் அனீஸ் வீட்டு ஏணியில் ஏறினால் கூரைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழச் சுவர்தான். கூரையைப் பற்றி நீங்கள் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை, நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இன்னும் நிறையப் பனி விழும் என்கிறார்கள். அவர் தனியாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

இறைவன் உங்களை வழியெல்லாம் காப்பாற்றட்டும்.

உங்கள் வரவை எதிர்நோக்கும்
ஷஃபிகா